மூன்று நீளங்கள் முக்கோணமாகுமா? வரிசை மாறாமல் சரிபார்க்கும் முழு வழி

மாலையில் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று நீளங்களைக் கொடுத்து முக்கோணம் அமையுமா என்று கேட்டால் எல்லாருக்கும் விதி ஞாபகம் வந்துவிடும். எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட அதிகமாக வர வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியிருந்தும் பாதிப் பேர் விடை தப்பாகிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை கையில் இல்லை, அதுதான் காரணம். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். எந்தப் படியில் எப்படி வழுக்குகிறார்கள் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ரஃப் நோட்டு, பென்சில், அளவுகோல், கவராயம். இவ்வளவு போதும். கவராயத்தில் பென்சில் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆடினால் 4 செ.மீ. வைத்து ஆரம்பித்த வில், முடியும்போது 4.2 ஆகியிருக்கும். நாம் பார்க்கப்போவது சில சமயம் இரண்டு மில்லிமீட்டரில் தீர்மானமாகிற விஷயம்.

முதல்முறை படிப்பவர்கள் தென்னந்துடைப்பத்திலிருந்து நான்கைந்து ஈர்க்குச்சியும் உருவி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியை இரண்டு இடத்தில் ஒடித்தால் மூன்று துண்டு வரும். அவற்றை முனையோடு முனை சேர்த்து முக்கோணம் வைத்துப் பாருங்கள். சில குச்சிகள் சேரும், சில சேராது. நீளமான துண்டு முழுக்குச்சியில் பாதிக்கு மேல் இருந்தால் மற்ற இரண்டும் எட்டவே எட்டாது. இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை விதியை மனப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

2. கொடுத்திருப்பது நீளம்தானா?

அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் படி இது. வினாத்தாளில் நீளக் கணக்குக்கு அடுத்தே கோணக் கணக்கு இருக்கும். "50°, 60°, 80° கோணங்களைக் கொண்டு முக்கோணம் அமையுமா?" என்று கேட்டிருப்பார்கள். முந்தைய கணக்கின் வேகத்தில் 50 + 60 = 110, அது 80ஐவிட அதிகம், ஆகவே அமையும் என்று எழுதிவிடுவார்கள். கோணங்களுக்கு விதி வேறு. மூன்றின் கூடுதல் சரியாக 180° வர வேண்டும். இங்கே 190° வருகிறது, அமையாது.

பூச்சியமோ குறை எண்ணோ பக்கமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இயற்கணிதக் கணக்கில் விடை −2 என்று வரும்போது இதை மறந்துவிட்டு மேலே போகிறவர்கள் உண்டு.

3. அலகை ஒன்றாக்குங்கள்

1.2 மீட்டர், 85 செ.மீ., 40 செ.மீ. என்று மூன்று நீளங்கள். அலகைக் கவனிக்காமல் போனால் 85 பெரியதாகத் தெரியும். 1.2ஐயும் 40ஐயும் கூட்டினால் 41.2தான் வரும், ஆகவே முடியாது என்று எழுதுவீர்கள். செ.மீ.க்கு மாற்றினால் 120, 85, 40. பெரியது 120. 85 + 40 = 125. முடியும்! விடையே தலைகீழாகிவிட்டது.

அடி, அங்குலத்தில் இதைவிட நைசான பள்ளம் ஒன்று இருக்கிறது. 3 அடி 6 அங்குலத்தை 3.6 அடி என்று எழுதுவார்கள். உண்மையில் அது 3.5 அடி. பக்கங்கள் 6 அடி, 3 அடி 6 அங்குலம், 2 அடி 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.6 + 2.6 = 6.2 என்று போட்டால் முடியும் என்று வரும். எல்லாவற்றையும் அங்குலமாக்கினால் 72, 42, 30. 42 + 30 = 72, சமம். முக்கோணம் இல்லை. அடி, அங்குலம் கலந்து வந்தால் புள்ளி வைக்காதீர்கள், அங்குலமாக மாற்றிவிடுங்கள்.

4. பெரியதை வட்டமிடுங்கள்

என் அனுபவத்தில் அதிகத் தப்பு நடக்கிற இடம் இதுதான். போன வருடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 9, 4, 3 என்ற கணக்கை நொடியில் முடித்துவிட்டு நோட்டை நீட்டினாள்.

"முடியும் சார்."

"எப்படிம்மா?"

"9உம் 4உம் 13. அது 3ஐ விடப் பெரிசு."

"4ஐயும் 3ஐயும் கூட்டிப் பார்த்தியா?"

"எதுக்கு சார்? அதான் ஒண்ணு வந்துடுச்சே."

'எந்த இரண்டு' என்பதை அவள் 'ஏதோ இரண்டு' என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. விதியை அப்படியே பின்பற்ற மூன்று முறை கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு கூட்டல் எப்போதும் சரியாகவே வரும், அதனால் ஏமாறுவது சுலபம்.

ஏன் எப்போதும் சரியாக வரும் என்று பாருங்கள். கூட்டுகிற இரண்டில் ஒன்று மூன்றிலும் பெரிய எண்ணாக இருந்தால், அது தனியாகவே மீதியுள்ள எண்ணுக்குக் குறையாது. அதனோடு இன்னொரு நீளத்தையும் சேர்த்தால் கட்டாயம் தாண்டிவிடும். ஆகவே பெரியது இடம்பெறுகிற இரண்டு கூட்டல்களும் எதையும் சோதிப்பதில்லை. பெரியதைத் தனியாக நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் கூட்டுகிற அந்த ஒரே கூட்டல்தான் உண்மையான சோதனை.

அதனால் கூட்டல் குறி போடுவதற்கு முன்பே பெரிய எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள். பெரியது இரண்டு முறை வந்தால் (7, 7, 3 போல) ஏதாவது ஒரு 7ஐ வட்டமிட்டால் போதும்.

5. மற்ற இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள்

6, 11, 8 என்ற கணக்கில் வட்டம் 11க்கு. 6 + 8 = 14, 11ஐவிட அதிகம். முடியும். 9, 4, 3இல் வட்டம் 9க்கு. 4 + 3 = 7, எட்டவில்லை. முடியாது.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'முடியாது' என்று சொல்ல, பொய்யாகிற ஒரு வரி போதும். 'முடியும்' என்று சொல்லும்போது மூன்று வரிகளையும் எழுதிவிடுங்கள், அல்லது பெரிய பக்கம் எது, ஏன் ஒரு சோதனை போதும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். சிறிய இரண்டையும் கூட்டுகிற வரி முதலில் வரட்டும். கீழ் வகுப்புகளில் மூன்று வரிகளையும் எதிர்பார்த்துத் திருத்துகிறவர்கள் நிறைய. மதிப்பெண்ணுக்காகச் சண்டை போடுவதைவிட இரண்டு வரி அதிகம் எழுதுவது மேல்.

சுற்றளவைச் சொல்லிக் கேட்டால் இன்னொரு வழி கைக்கு வசதி. பெரிய பக்கம் சுற்றளவில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதே விதிதான், வேறு உருவத்தில். 12 தீக்குச்சிகளை ஒடிக்காமல், எல்லாவற்றையும் பயன்படுத்தி எத்தனை விதமான முக்கோணம் வைக்கலாம்? பெரிய பக்கம் 6க்குக் கீழே, அதாவது அதிகபட்சம் 5. மூன்று பக்கங்களும் சேர்ந்து 12 என்பதால் பெரியது 4க்குக் குறையவும் முடியாது. 5 என்றால் 5, 5, 2 அல்லது 5, 4, 3. 4 என்றால் 4, 4, 4. மொத்தம் மூன்றே மூன்று. இதைக் குருட்டாம்போக்கில் தேடுகிறவர்கள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

6. சமமாக வந்தால் என்ன சொல்வது?

3, 4, 7. கூட்டினால் சரியாக 7. சேர்ந்துவிட்டதே, முக்கோணம்தான் என்று சொல்லத் தோன்றும். ஈர்க்குச்சியில் செய்து பாருங்கள். 7 செ.மீ. துண்டின் மேல் 3ஐயும் 4ஐயும் வைத்தால் முனைகள் சேரும், ஆனால் இரண்டும் அதன் மேலேயே படுத்துவிடும். நடுவே இடமில்லை, பரப்பு பூச்சியம். மூன்று முனைகளும் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக் கணக்கில் இதற்கு விடை 'அமையாது'.

விதியில் இருக்கும் 'அதிகம்' என்ற சொல்லைச் 'சமம் அல்லது அதிகம்' என்று ஞாபகம் வைத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் இது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நேர்வழியில் போனால் 7 கி.மீ., நடுவில் ஒரு கிராமத்தைத் தொட்டுப் போனாலும் 3 + 4 = 7 கி.மீ. என்றால் அந்தக் கிராமம் நேர்வழியிலேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சுற்றுவழி என்றால் கொஞ்சமாவது கூட வேண்டும்.

7. நம்பிக்கை வரவில்லையா, வரைந்து பாருங்கள்

உதவிப் படத்தைக் கையால் கிறுக்கிவிட்டு அதை நம்பாதீர்கள். கையால் போட்டால் 3, 4, 9கூட அழகான முக்கோணமாக வந்துவிடும், கை தானாகவே வளைத்துச் சேர்த்துவிடும். கவராயம் பொய் சொல்லாது.

வட்டமிட்ட பெரிய நீளத்தை அடிக்கோடாகப் போடுங்கள். பெரியதை அடியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறியதை அடியில் வைத்தால் விற்கள் எங்கோ உயரத்தில் வெட்டும், அல்லது தாளைத் தாண்டிவிடும். எட்டுமா எட்டாதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பெரியது அடியில் இருந்தால் இரண்டு வில்லும் ஒன்றை நோக்கி ஒன்று வரும், இடைவெளி தெளிவாகத் தெரியும்.

இடது முனையை மையமாக வைத்து ஒரு சிறிய நீளத்தை ஆரமாகக் கொண்டு, அடிக்கோட்டைத் தொடுகிற அளவு நீளமாக வில் போடுங்கள். வலது முனையிலிருந்து இன்னொன்று. அடிக்கோடு 8, ஆரங்கள் 3, 4 என்றால் இரண்டு வில்லுக்கும் நடுவே கோட்டின் மேல் 1 செ.மீ. காலியாகக் கிடக்கும். அடிக்கோடு 7 என்றால் இரண்டும் கோட்டின் மேலேயே ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். அடிக்கோடு 6 என்றால் கோட்டுக்கு மேலே வெட்டும், அந்த இடம்தான் மூன்றாவது முனை. இந்த மூன்று படங்களையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் ஆறாவது படியில் சொன்ன சந்தேகம் திரும்ப வராது.

வில்லைக் குட்டியாகப் போட்டுவிட்டு "வெட்டலையே சார்" என்று வருகிறவர்களும் உண்டு. பாதி நேரம் முக்கோணம் அமையும், வில்தான் நீளம் போதாது.

8. பின்னம், வர்க்கமூலம்

பின்னங்களில் பெரியதைக் கண்டுபிடிப்பதே தகராறு. 1/2, 1/3, 1/6 என்று கொடுத்தால் கீழே 6 இருப்பதால் 1/6 பெரியது என்று வட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பகுதியை ஒன்றாக்குங்கள்: 3/6, 2/6, 1/6. இனி மேலே உள்ள 3, 2, 1ஐ மட்டும் பார்த்தால் போதும். 2 + 1 = 3, சமம், அமையாது. 1/2, 1/3, 1/4 என்றால் 6/12, 4/12, 3/12. 4 + 3 = 7, அமையும்.

வர்க்கமூலம் வந்தால் தோராயத்தை நம்பி இறங்காதீர்கள். பக்கங்கள் √21, √84, √189. கால்குலேட்டரில் ஒரு தசமத்துக்குத் திருத்தினால் 4.6, 9.2, 13.7. கூட்டினால் 13.8, அது 13.7ஐவிட அதிகம், அமையும். சரி மாதிரியே இருக்கிறது, இல்லையா? சுருக்கிப் பாருங்கள். √84 என்பது 2√21, √189 என்பது 3√21. அதாவது 1, 2, 3 என்ற விகிதம். மிகச் சரியாகச் சமம். முக்கோணமே இல்லாத இடத்தில், எண்ணைத் திருத்திய விதம் ஒரு முக்கோணத்தை உண்டாக்கிவிட்டது.

முதலில் சுருக்கப் பாருங்கள். சுருங்காவிட்டால் இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி ஒப்பிடுங்கள். √2, √3, √10 என்றால் (√2 + √3)² = 5 + 2√6. 2√6 என்பது √24, அது 5ஐவிடக் குறைவு. மொத்தம் 10க்குக் கீழே. அமையாது. கால்குலேட்டரே தேவைப்படவில்லை.

9. ஒரு பக்கம் தெரியாதபோது

இரண்டு பக்கங்கள் 7, 10. மூன்றாவது எவ்வளவு இருக்கலாம்? இங்கே எது பெரியது என்று தெரியாததால் வட்டமிட முடியாது. இரண்டு எல்லைகளையும் பார்க்க வேண்டும். கூடுதல் 17, அதைத் தொடக்கூடாது. வித்தியாசம் 3, அதையும் தொடக்கூடாது. மூன்றாவது பக்கம் 3க்கும் 17க்கும் இடையில். முழு எண்கள் மட்டும் என்றால் 4 முதல் 16 வரை, 13 விடைகள்.

17ஐச் சரியாகச் சொல்லிவிட்டு 3ஐ மறப்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது பக்கம் 2 என்று வைத்தால் 2 + 7 = 9, 10ஐ எட்டவில்லை என்று காட்டினால் உடனே புரிந்துவிடும்.

பக்கங்கள் த, 2த, 12 என்று வந்தால்? 12 பெரியது என்று எடுத்துக்கொண்டு த + 2த > 12, ஆகவே த > 4 என்று முடித்துவிடுவார்கள். த = 15 வைத்துப் பாருங்கள். 15, 30, 12. இப்போது பெரியது 30. 15 + 12 = 27, போதவில்லை. 2த பெரியதாக இருக்கிற வாய்ப்பையும் எழுத வேண்டும்: த + 12 > 2த, ஆகவே த < 12. விடை 4க்கும் 12க்கும் நடுவில். எழுத்து கலந்து வந்தால் மூன்று கூட்டல்களையும் எழுதுவதுதான் பாதுகாப்பு. நான்காம் படியின் குறுக்குவழி இங்கே செல்லாது.

இருசமபக்கக் கணக்கில் ஒரு சின்னக் கண்ணி. "இரண்டு பக்கங்கள் 4, 9. சுற்றளவு என்ன?" மூன்றாவது 4 அல்லது 9, ஆகவே 17 அல்லது 22 என்று இரண்டு விடை எழுதுவார்கள். 4, 4, 9 அமையாது. 22 மட்டும்தான்.

10. முடியும் என்று வந்த பிறகுதான் பிதாகரஸ்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வந்தவர்கள் 5, 6, 7ஐப் பார்த்தால் 25 + 36 = 61, 49க்குச் சமமில்லை, ஆகவே முக்கோணமில்லை என்று எழுதுகிறார்கள். புதிதாகப் படித்தது பழையதை விழுங்கிவிடுகிறது. வர்க்கங்களைப் பார்ப்பது முக்கோணமா என்று கேட்க இல்லை, எந்த வகை முக்கோணம் என்று கேட்க.

முதலில் 5 + 6 = 11, 7ஐவிட அதிகம், முக்கோணம் உண்டு. அப்புறம் வர்க்கம். சிறிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 61, பெரியதன் வர்க்கம் 49. கூடுதல் அதிகமாக இருந்தால் கூர்ங்கோணம், சமமானால் செங்கோணம், குறைந்தால் விரிகோணம். 6, 8, 10 செங்கோணம். 4, 6, 9இல் 52 எதிரே 81, விரிகோணம். அஸ்திவாரம் தோண்டும்போது மேஸ்திரி 3 அடி, 4 அடி, 5 அடி பிடித்து மூலை பார்ப்பது இந்தச் செங்கோணக் கணக்கைத்தான்.

வரிசையை மாற்றி வர்க்கத்தை முதலில் போட்டால் 3, 4, 9க்கு 25 எதிரே 81 என்று வந்து, 'விரிகோண முக்கோணம்' என்று இல்லாத முக்கோணத்துக்குப் பெயர் வைத்துவிடுவீர்கள்.

11. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு

சிறிது, நடு, பெரிது என்று மூன்று மாறிகளில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, சிறிது + நடு > பெரிது என்ற ஒரே நிபந்தனை போட்டால் வேலை முடிந்தது. பூச்சியத்துக்கும் குறை எண்ணுக்கும் தனி நிபந்தனைகூட வேண்டாம். வரிசைப்படுத்திய பிறகு சிறிது பூச்சியமோ அதற்குக் கீழோ இருந்தால், நடு எண்ணோடு கூட்டினாலும் பெரியதைத் தாண்டாது.

பைத்தானில் புதிதாக எழுதுகிறவர்கள் இன்புட் வாங்கியதை எண்ணாக மாற்ற மறந்துவிடுகிறார்கள். அது எழுத்தாகவே இருக்கும். 10, 4, 9 கொடுத்தால் அகராதி வரிசைப்படி 10, 4, 9 என்றே நிற்கும். 10ஐயும் 4ஐயும் 'கூட்டினால்' ஒட்டிக்கொண்டு 104 ஆகும். அதை 9ஓடு எழுத்தாக ஒப்பிட்டால் 1இல் ஆரம்பிப்பது 9க்கு முன்னால் வருவதால் 'முடியாது' என்று சொல்லும். எரர் எதுவும் வராது, விடைதான் தப்பு.

தசம எண்ணில் இன்னொரு தொல்லை. 0.1, 0.2, 0.3 கொடுத்தால் முக்கோணம் உண்டு என்று பதில் வரும். கணினி தசமங்களை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் 0.1 + 0.2 அங்கே 0.30000000000000004 ஆகிறது. நீளங்களை மில்லிமீட்டர் போன்ற சிறிய அலகில் முழு எண்ணாக வாங்கிக்கொள்வதுதான் நான் சொல்கிற தீர்வு.

ஜாவாவில் சாதாரண முழு எண் 214,74,83,647 வரைதான் தாங்கும். 200 கோடியையும் 200 கோடியையும் கூட்டினால் குறை எண்ணாகச் சுற்றிக்கொண்டு வரும். நிபந்தனையைச் சிறிது > பெரிது − நடு என்று திருப்பி எழுதினால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் இப்படி எழுதுவதானால் மூன்றும் பூச்சியத்துக்கு மேல் என்பதை முன்பே பார்த்துவிடுங்கள், கழித்தலிலும் குறை எண் விளையாடும்.

12. டேப் பிடித்து அளந்த எண்கள்

புத்தகத்தில் கொடுத்த 12 சரியாக 12. அளந்து வந்த 12 அப்படியில்லை. அளவுகோலில் பார்த்து 5.2, 6.8, 12.1 என்று எழுதியிருந்தால், கூடுதல் 12.0 என்பதற்காக முடியாது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே விடை மாறிவிடும். கூடுதலுக்கும் பெரியதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் அளவையின் பிசகைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் மட்டும் பேசுங்கள், இல்லையென்றால் திரும்ப அளங்கள்.

இந்த விதி நிஜமாகக் கைகொடுத்த இடம் ஒன்று. சொந்தக்கார மாமா ஒருவர் மனை ஒன்றைப் பார்த்துவிட்டு, ஆள் வைத்து அளந்த சீட்டைக் கொண்டுவந்து பரப்பு போட்டுத் தரச் சொன்னார். நான்கு பக்கமும் நேர்கோடு. சுற்றிவர 40, 60, 58, 45 அடி. நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு வராது, அதே பக்கங்களை வைத்துக்கொண்டே மனையைக் கதவுச் சட்டம் சாய்வதுபோலச் சாய்க்கலாம். ஒரு மூலைவிட்டம் வேண்டும். அதுவும் சீட்டில் இருந்தது: 122 அடி.

மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. ஒன்று 40, 60, 122. இன்னொன்று 58, 45, 122. நான் சோதனை போடாமல் நேராக, மூன்று பக்கங்களை வைத்தே முக்கோணத்தின் பரப்பைத் தருகிற ஹெரான் சூத்திரத்துக்குப் போய்விட்டேன். அரைச்சுற்றளவு 111, அதிலிருந்து 122ஐக் கழித்தால் −11. வர்க்கமூலத்துக்குள் குறை எண், கால்குலேட்டர் எரர் காட்டியது. பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிற படியை நானே தாண்டியிருக்கிறேன். 40ஐயும் 60ஐயும் கூட்டினால் 100தான்.

"மாமா, இந்த 122 எப்படி வந்தது?" என்று கேட்டேன். 50 அடி டேப்பால் அளந்தார்களாம். ஒரு முழு டேப், அதற்கு மேல் 22. முழு டேப்பை இரண்டு என்று எண்ணியிருக்கிறார்கள். உண்மையான நீளம் 72.

72 வைத்தால் 40 + 60, 45 + 58 இரண்டும் தாண்டுகின்றன. பரப்பு 1200உம் 1304உம், மொத்தம் சுமார் 2504 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் 5.75 சென்ட்.

ஆனால் சோதனையில் தேறிவிட்டதாலேயே அளவு சரி என்று ஆகிவிடாது. 72ஐ யாராவது 27 என்று மாற்றி எழுதியிருந்தால்? 27 + 40 = 67, 60ஐத் தாண்டுகிறது. 27 + 45 = 72, 58ஐத் தாண்டுகிறது. இரண்டு முக்கோணமும் அமையும், எரர் எதுவும் வராது. பரப்பு மட்டும் சுமார் 1025 சதுர அடி என்று பாதிக்கும் கீழே வந்திருக்கும். எட்டாத தப்பைத்தான் இந்த விதி பிடிக்கும், எட்டுகிற தப்பு இதற்குள் நுழைந்து போய்விடும். அதற்கு மருந்து இரண்டாவது மூலைவிட்டம். மாமாவை மறுபடி அனுப்பி அதையும் அளந்து வரச் சொன்னேன். 69 அடி 8 அங்குலம். அந்தப் பக்கமாகப் பிரித்துப் போட்டபோதும் 2504தான் வந்தது.